பெற்றோர் கட்டுப்பாடு

அப்பாவுக்கு ரத்தம் எடுப்பது எப்போதும் நான்தான். திண்டிவனத்தில் ஒரு தனியார் லேபில் பதினாறு வருடமாக எனக்கு அதுதான் வேலை. காலை ஆறரைக்குக் கதவைத் திறந்தால், வெறும் வயிற்றோடு காத்திருப்பவர்களின் கையைப் பிடித்து, நரம்பைத் தடவிப் பார்த்து, ஊசி குத்தி, குப்பியில் பெயர் எழுதி ஒட்டுவேன். விழுப்புரத்தில் இருக்கும் அப்பா அம்மாவைப் பார்க்கப் போகும்போது, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கைப்பையில் ஊசியும் இரண்டு குப்பிகளும் இருக்கும். அப்பாவுக்கு எழுபத்தொரு வயது. பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. மாத்திரைக்கு அடங்கி ஒழுங்காக இருந்த சர்க்கரை. போன வருடம் பொங்கல் முடிந்து எடுத்துவந்த ரத்தத்தில் மெஷின் இருநூற்று எண்பத்தாறு காட்டியது. வேறு யாருடைய குப்பியோ மாறிவிட்டது என்று நினைத்து இரண்டாவது குப்பியையும் ஓட்டினேன். இருநூற்று எண்பத்து நான்கு.

போன் போட்டுக் கேட்டால், மாத்திரையெல்லாம் வேளைக்குப் போடுகிறேன் என்றார். அம்மாவைக் கேட்டேன். அவளும் அதையே சொன்னாள். பத்து நாள் கழித்து அம்மாவே கூப்பிட்டாள். அப்பாவின் சட்டையை ஊறப்போட்டபோது பாக்கெட்டுக்குள் வெள்ளையாகக் கூழ் மாதிரி ஏதோ ஒட்டியிருந்ததாம். விரலில் எடுத்து முகர்ந்து பார்த்தாளாம். மாத்திரை. அம்மா கண்ணெதிரே வாயில் போடுவதுபோல் போட்டு, தண்ணீரைக் குடித்து, மாத்திரையை மட்டும் பாக்கெட்டில் சேர்த்திருக்கிறார்.

காரணம் எனக்குத் தெரிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அப்பா அரசுப் பேருந்துப் பணிமனையில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். பணிமனை போனபின் அவருக்குப் பொழுதைக் கொடுத்தது போன்தான். காலைப் பலகாரம் முடிந்ததும் சாப்பாட்டு மேசையில் போனை ஒரு தாங்கியில் நிறுத்திவைத்து உட்காருவார். முதலில் பழைய பாட்டு, பிறகு செய்தி, கடைசியாக வந்து சேர்ந்தவர் ஒரு வைத்தியர். வெள்ளை வேட்டி, நெற்றியில் சந்தனம், பின்னால் ஒரு மூலிகைத் தோட்டத்தின் படம். சர்க்கரை என்பது நோயே இல்லை, மாத்திரைதான் நோய் என்று தினமும் ஒரு வீடியோவில் சொல்வார். அவர் சொன்ன இலைச்சாற்றை அப்பா காலையில் ஒரு டம்ளர் குடித்துவந்தார். நான் நேரில் போய்க் கேட்டபோதும் அப்பா வைத்தியரின் வார்த்தையைத்தான் எனக்குத் திருப்பிச் சொன்னார். கண் போய்விடும், சிறுநீரகம் போய்விடும் என்று நான் கத்தினேன். தினமும் அப்படிப் போனவர்களின் ரத்தத்தைத் தொடுகிறவள் நான். அப்பா போனின் சத்தத்தைக் கூட்டிவைத்தார்.

லேபில் என்னோடு வேலை செய்கிற பெண் தன் மகளுக்காக வீட்டு ரவுட்டரில் தடுப்பு போட்டு வைத்திருந்தாள். எந்தத் தளத்தைத் திறக்கலாம், எதைத் திறக்கக் கூடாது என்று அவளே முடிவு செய்வாளாம். மகள் தடுத்ததைத் திறக்கப் பார்த்தால் அம்மாவின் போனுக்குத் தகவல் வந்துவிடுமாம். அதைக் கேட்டதும் எனக்குப் பெரிய நிம்மதி. அப்பாவின் போனில் டேட்டா பேக் கிடையாது, வீட்டு வைஃபைதான். வைத்தியரை அப்பாவின் வீட்டு வாசலிலேயே நிறுத்திவிடலாம். திண்டிவனத்தில் ஒரு கடையில் அதே மாதிரி ரவுட்டர் ஒன்றை வாங்கினேன். பெட்டியின்மேல் ஒரு அப்பாவும் அம்மாவும் இரண்டு குழந்தைகளும் சோபாவில் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

விழுப்புரம் வீட்டுக்கு இன்டர்நெட் கொடுத்திருக்கிற லைன்காரர் வந்துதான் பழைய டப்பாவைக் கழற்றிப் புதியதை மாட்ட வேண்டும். அந்தச் சனிக்கிழமை மதியம் வரச்சொல்லியிருந்தேன். எதற்குப் புது ரவுட்டர் என்று அப்பா கேட்டார். ஸ்பீடு நன்றாக வரும் என்று சொன்னேன். அவருக்கு ரொம்ப சந்தோஷம். லைன்காரருக்குத் தன் கையால் மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

லைன்காரர் மாட்டிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். நான் டிவி அலமாரிக்குக் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்து போனில் அந்த ரவுட்டரின் ஆப்பைத் திறந்தேன். முதல் எரிச்சல் அங்கேயே தொடங்கியது. ஆப்பைத் தமிழில் வைத்திருந்தேன். மெனுவில் 'பெற்றோர் கட்டுப்பாடு' என்று இருந்தது. உள்ளே போனால் குழந்தையின் பெயரைக் கேட்டது. அப்பா என்று அடித்தேன். குழந்தையின் வயதைக் கேட்டது. எட்டு வரை, பன்னிரண்டு வரை, பதினேழு வரை என்று மூன்றே கட்டங்கள். பதினேழை அழுத்தினேன். அப்பா அந்தப் பக்கம் உட்கார்ந்து மல்லாட்டைக் கடலையை உரித்துத் தின்றுகொண்டிருந்தார்.

அடுத்து, அந்தக் குழந்தையின் கருவி எது என்று கேட்டது. வீட்டில் இணைந்திருந்த நான்கு கருவிகளும் எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான வரிகளாக வந்து நின்றன. எது அம்மாவின் போன், எது டிவி, எது அப்பாவின் போன் என்று தெரியவில்லை. குத்துமதிப்பாக ஒன்றைத் தொட்டேன். கொஞ்ச நேரத்தில் அம்மா கூடத்திலிருந்து கூப்பிட்டாள். டிவியில் நின்றுபோன சீரியல் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதை விடுவித்து இன்னொன்றைத் தொட்டேன். என் போனே செத்துவிட்டது. எதைத் தடுத்தேனோ அதை விடுவிக்கிற வழியையும் சேர்த்துத் தடுத்துக்கொண்டேன். அம்மாவின் போனில் அந்த ஆப்பை ஏற்றி உள்ளே போய் என்னை நானே விடுவித்துக்கொள்ள ஒரு மணி நேரம் ஆனது.

அப்பாவின் போன் எது என்று ஒருவழியாகக் கண்டுபிடித்த பிறகு, வைத்தியரின் சேனல் முகவரியைத் தடுப்புப் பெட்டியில் ஒட்டினேன். சேமிக்கப்பட்டது என்று பச்சையாக ஒரு குறி வந்தது. அப்பாவின் மேசையிலிருந்து வைத்தியரின் குரலும் வந்தது. அழித்து மறுபடி ஒட்டினேன். ரவுட்டரை அணைத்துப் போட்டேன். வைத்தியர் ஆவாரம்பூவைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். கடைசியில் வாசலுக்குப் போய் லைன்காரருக்குப் போன் போட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார்.

"அது ஒட்டுன கவரு மாதிரிக்கா. எந்த ஊருக்குப் போவுதுன்னு ரவுட்டருக்குத் தெரியும். உள்ள இன்னா எழுதிக்கினு இருக்குன்னு தெரியாது. ஒரு ஆள மட்டும் நிறுத்த முடியாது. நிறுத்துனா அந்த ஊருக்கே பஸ்ஸ நிறுத்தணும்."

அதாவது அந்த வைத்தியரைத் தடுக்க வேண்டுமானால் வீடியோ தளத்தையே தடுக்க வேண்டும். பழைய பாட்டும் போகும், செய்தியும் போகும், திருவாமாத்தூர் கோயிலில் யாரோ போடுகிற அபிஷேக வீடியோவும் போகும். வாசற்படியில் நின்று கொஞ்ச நேரம் யோசித்தேன். இருநூற்று எண்பத்தாறு என்ற எண் கண்ணுக்குள் நின்றது. உள்ளே போய் மொத்தத் தளத்தையும் தடுத்தேன்.

அதுவும் மறுநாள் காலை வரைதான் நின்றது. அப்பாவின் போன் வைஃபையில் தன் அடையாள எண்ணைத் தானே மாற்றிக்கொண்டு, புதிய கருவி ஒன்று இணைந்துள்ளது என்று எனக்கே தகவல் அனுப்பிவிட்டு, பழையபடி வைத்தியரைக் கொண்டுவந்தது. அந்த மாற்றத்தை நிறுத்த அப்பாவின் போனுக்குள்ளே போக வேண்டும். அவர் போனைக் கையை விட்டு வைப்பது குளிக்கும்போது மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை அவர் குளியலறைத் தாழ்ப்பாளைப் போட்டதும் அதை எடுத்தேன். தண்ணீர் விழுகிற சத்தத்தைக் கேட்டபடியே ஒவ்வொரு பக்கமாகத் திறந்தேன். சொந்த அப்பாவின் போனைத் திருட்டுத்தனமாகத் திறக்கிறோமே என்று உறுத்தியது. சமையலறை வாசலில் நின்று அம்மா எனக்குக் காவல் காத்தாள். நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமையிலிருந்து தகவல்கள் வரத் தொடங்கின. தடுக்கப்பட்ட தளத்தைத் திறக்க அப்பா முயன்றார் என்று ஒவ்வொன்றும் சொல்லும். காலை எட்டு ஐம்பதுக்கு ஒன்று. எட்டு ஐம்பத்தொன்றுக்கு இரண்டு. பிரம்மதேசத்திலிருந்து வந்திருந்த ஒரு வயதான அம்மாவுக்கு நரம்பே கிடைக்காமல் தேடிக்கொண்டிருந்தேன். கோட்டுப் பாக்கெட்டில் போன் அதிர்ந்தபடியே இருந்தது. ஊசி தப்பி அந்த அம்மாவின் கை நீலமாக வீங்கிவிட்டது. மன்னிப்புக் கேட்டு மறு கையில் குத்தினேன். பதினோரு மணிக்குப் போனைப் பார்த்தபோது நாற்பத்து மூன்று தகவல்கள். அத்தனையும் அப்பாவின் ஆட்காட்டி விரல். இல்லாத ஒன்றை அவர் எத்தனை தடவை தட்டிப் பார்க்கிறார் என்று எனக்கு ஒரு யந்திரம் எண்ணிச் சொல்லிக்கொண்டிருந்தது.

அந்தத் தகவல்களை நிறுத்திவிடலாம் என்று போனால், அதற்கும் ஒரு கோளாறு. தகவலை நிறுத்தினால் தடுப்பும் சேர்ந்து நின்றுவிடும் என்று எச்சரித்தது. அப்படி ஏன் செய்து வைத்தார்களோ தெரியவில்லை. நிறுத்தவில்லை. செவ்வாய், புதன், வியாழன் என்று என் நாள் முழுக்க அப்பாவின் நாள் வந்து மோதியது. எப்போது எழுகிறார், எப்போது மேசைக்கு வருகிறார், பிற்பகலில் தூக்கம் வராமல் எத்தனை மணிக்கு மறுபடி முயல்கிறார் என்று எல்லாமே தெரிந்தது. இவ்வளவு வருடத்தில் நான் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளாததெல்லாம் இந்த நான்கு நாளில் கேட்காமலே தெரிந்தது. மாத்திரை போடுகிறாரா என்பது மட்டும் தெரியவில்லை. அதற்கு ஆப்பில் கட்டம் எதுவும் இல்லை.

அப்பாவோ லைன் கெட்டுவிட்டது என்று நம்பினார். லைன்காரரை மூன்று முறை வரவழைத்திருக்கிறார். முதல் முறை அவர் வந்து பார்த்து, லைன் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டாவது முறை பேருக்கு ஒயரைக் கழற்றி மாட்டினார். இரண்டு முறையும் எனக்குப் போன் செய்து, பெரியவரிடம் எத்தனை நாள் மறைப்பது என்று சலித்துக்கொண்டார். இன்னும் ஒரு வாரம் என்று கெஞ்சினேன். மூன்றாவது முறை உச்சி வெயிலில் அப்பா அவரைக் கம்பத்தில் ஏறச் சொல்லியிருக்கிறார். ஏறாவிட்டால் அலுவலகத்துக்குப் புகார் எழுதுவேன் என்று தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். செய்யாத தப்புக்குப் புகார் வாங்க யாருக்குத்தான் மனசு வரும். உங்கள் பெண்தான் நிறுத்தி வைத்திருக்கிறார் ஐயா என்று லைன்காரர் சொல்லிவிட்டார்.

அன்று மதியம் லேபில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். அப்பாவின் எண் வந்தது. அவர் குரல் உயரவில்லை.

"என் வூட்டு ஒயருக்குள்ள நீ உக்காந்துக்கினு என்னப் பாத்துக்கினு இருக்கறியாம்மா?"

என்ன சொன்னேன் என்று நினைவில்லை. உங்கள் நல்லதுக்குத்தான் என்று ஆரம்பித்திருப்பேன். அவர் முழுதும் கேட்காமல் போனை வைத்துவிட்டார். டப்பாவில் மிச்சமிருந்த சோற்றைக் கொட்டினேன். எனக்கும் கோபம் குறையவில்லை. மாத்திரையைச் சட்டைப் பையில் ஒளித்தவர் அவர், ஏமாற்றியவர் அவர், குற்றவாளிக் கூண்டில் நிற்பது மட்டும் நானா என்று பிற்பகல் முழுக்க மனசுக்குள் வாதாடிக்கொண்டே குப்பிகளைக் குலுக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் பிடித்தேன். விக்கிரவாண்டி டோல்கேட்டில் வண்டி நகராமல் நின்றபோது, சொல்ல வேண்டியவற்றை வரிசையாக அடுக்கினேன். வீட்டுக்குள் போனதும் அத்தனையும் கலைந்துவிட்டது. சாப்பாட்டு மேசையில் போன் இல்லை. தாங்கியும் இல்லை. ரவுட்டரைப் பிடுங்கி, ஒயரை ஒழுங்காகச் சுற்றி, மேசையின் நடுவில் வைத்திருந்தார். எதிரே உட்காரச் சொன்னார். அம்மா காபியை வைத்துவிட்டுப் போகாமல் அங்கேயே நின்றாள்.

"முப்பத்திரண்டு வருஷம் டிரைவரு கண்டக்டரு வர்ற நேரம் போற நேரம் எழுதுனேன்," என்றார். "லேட்டா வந்தவனுக்கு லேட்டுன்னுதான் எழுதுனேன். ஆனா அவன் கண்ணு முன்னாடி உக்காந்துக்கினு எழுதுனேன். ஒளிஞ்சிக்கினு எழுதல."

நான் மாத்திரையைப் பற்றிக் கேட்டேன். ஒளித்தது நீங்கள்தான் முதலில் என்றேன்.   அப்பா ரவுட்டர் ஒயரின் நுனியைத் திருகிக்கொண்டிருந்தார். அம்மாதான் அவரைப் பார்த்து, சொல்லிவிடுங்கள் என்றாள். அவர் சொல்லாமல் எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டார்.

அம்மா சொன்னாள். மாத்திரையின் அளவை டாக்டர் கூட்டி எழுதியதிலிருந்து அப்பாவுக்கு வயிறு நிற்கவில்லை. சாப்பிட்ட அரை மணியில் ஓட வேண்டும். பிரதோஷத்துக்குத் திருவாமாத்தூர் போய்விட்டு டவுன் பஸ்ஸில் திரும்பும்போது அடக்க முடியாமல் வேட்டியிலேயே போய்விட்டது. பஸ்ஸில் அவரோடு வேலை செய்த ஒரு கண்டக்டரின் மகன் இருந்தானாம். பாதி வழியில் இறங்கி, ஒரு மோட்டார் கொட்டகையில் கழுவிக்கொண்டு, ஈர வேட்டியோடு நடந்தே வீட்டுக்கு வந்திருக்கிறார். அதற்குப் பிறகு கோயிலுக்குப் போவதை விட்டார். டாக்டரிடம் ஒரு தடவை வயிறு சரியில்லை என்று மட்டும் சொன்னாராம். போகப் போகச் சரியாகிவிடும் என்று அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். அந்த வாரம்தான் வைத்தியர் ஒரு வீடியோவில், மாத்திரை சாப்பிட்டால் உங்களுக்கு வயிற்றாலே போகிறதா என்று நேராகக் கேட்டிருக்கிறார்.

அவ்வளவுதான் விஷயம். அந்த மாத்திரை அப்படிச் செய்யும் என்று எனக்குத் தெரியும். லேபில் வருகிற பத்துப் பேராவது என்னிடம் சொல்லியிருப்பார்கள். அப்பாவிடம் மட்டும் நான் கேட்கவே இல்லை. சர்க்கரை எவ்வளவு என்று கேட்டேன், மாத்திரை போட்டீர்களா என்று கேட்டேன், ஏன் என்று கேட்டபோதும் வைத்தியர்தான் காரணம் என்று பதிலையும் நானே கையில் வைத்திருந்தேன். என் மேலேயே எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த ரவுட்டரைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போல இருந்தது. வாங்கியதற்கு ரசீது இருக்கிறது, உடைக்காமல் கடையில் திருப்பிக் கொடுக்கலாம் என்றும் தோன்றியது.

பின்கட்டில் அப்பா வேப்பமரத்துக்கு அடியில் நின்றிருந்தார். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. நாளைக்கு லீவு போட்டுவிட்டு உங்களோடு டாக்டரிடம் வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். அவர் முகத்தைத் திருப்பாமலே பேசினார்.

"வா. ஆனா நான்தான் சொல்வேன். நீ சொல்லாத."

திங்கட்கிழமை டாக்டர் அறையில் அப்பா சொன்னார். வயிறு சரியில்லை என்று சொல்லவில்லை. பஸ்ஸில் நடந்ததைச் சொன்னார், தரையைப் பார்த்துக்கொண்டு, ஒரு வார்த்தையையும் விழுங்காமல். டாக்டர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தி அவரை நிமிர்ந்து பார்த்தார். இதே மருந்தில் மெதுவாகக் கரைகிற வகை இருக்கிறது, குறைந்த அளவில் தொடங்கி, சாப்பாட்டுக்கு நடுவில் போட்டுப் பாருங்கள் என்று மாற்றி எழுதினார். எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடம் இருக்கும். வெளியே வந்து மருந்துக்கடை வரிசையில் நின்றபோது அந்த இரண்டு நிமிடத்தை நினைத்து எனக்கு ஆறவில்லை. டாக்டர் இதை முதல் தடவையே செய்திருக்கலாமே என்று அப்பாவிடம் பொருமினேன். டாக்டருக்காகவா எனக்காகவா தெரியவில்லை, போகட்டும் விடு என்றார் அப்பா.

வீட்டுக்கு வந்ததும் ரவுட்டரை மாட்டி, தடுப்பை என் கண்ணெதிரே எடு என்றார். எடுக்கப் போனால் கடவுச்சொல் தப்பு என்றது. நான்தான் போட்டது. ஐந்து தடவை தப்பாக அடித்ததும் அரை மணி நேரம் பூட்டிக்கொண்டது. அப்பா நாற்காலியை விட்டு நகராமல் அந்த அரை மணி நேரமும் காத்திருந்தார். மறுபடி ஐந்து தடவை. மறுபடி பூட்டு. கடைசியில் லைன்காரரைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. அவர் வந்து ஒரு குண்டூசியால் பின்பக்கத் துளையை அழுத்திப் பத்து எண்ணினார். எல்லாம் அழிந்தது. வைஃபையின் பெயரும் சேர்ந்து அழிந்ததால் டிவியையும் மூன்று போன்களையும் முதலிலிருந்து இணைக்க வேண்டியிருந்தது. அதைச் செய்து முடித்து நான் கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.

மூன்று மாதம் கழித்து எடுத்ததில் நூற்று அறுபத்திரண்டு. இன்னும் குறைய வேண்டும். வயிறு ஏறக்குறைய அடங்கிவிட்டது. திருவாமாத்தூருக்குப் போகிறார், ஆனால் டவுன் பஸ்ஸில் இல்லை, ஷேர் ஆட்டோவில். மாத்திரையோடு சேர்த்து இலைச்சாற்றையும் குடிக்கிறார். அதை விடச் சொன்னால், உனக்கு எல்லாவற்றையுமா என் கையிலிருந்து பிடுங்க வேண்டும் என்கிறார். வைத்தியர் தினமும் பத்து மணிக்கு வந்துவிடுகிறார். நான் போயிருக்கும் நாள்களில் அந்தக் குரலைக் கேட்டால் இப்போதும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றும். எழுந்து பின்கட்டுக்குப் போய்விடுவேன்.

லேபில், சர்க்கரை ஏறி வருகிறவர்களிடம், மாத்திரை வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன். ஒவ்வொருவருக்கும் இரண்டு நிமிடம் கூடுதலாகிறது, வரிசை வாசல் வரை நீள்கிறது என்று முதலாளி இரண்டு தடவை கண்டித்துவிட்டார். கேட்டால் சிலர், அதெல்லாம் ஒன்றுமில்லை என்று கையை நீட்டிவிடுகிறார்கள். சிலர் நீட்டிய கையை இழுத்துக்கொண்டு, பின்னால் நிற்பவர் காதில் விழுமோ என்று திரும்பிப் பார்க்கிறார்கள். அப்போது நான் கதவைச் சாத்திவிட்டு வருகிறேன்.